மூன்றாம் தட்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறா. போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. “வேலை கூட, பிறகு எடுக்கிறேன்” என்ற மெசேஜ்தான் ஆறு கிழமையாக வருகிறது. வேலை கூட என்றால் நல்லதுதான். ஆனால் அம்மம்மாவின் திவசத்துக்கும் நீ வரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, உன் இலையை மட்டும் மடித்து வைத்தா. சரி, அதை விடு. இரவில் சாப்பிட்டுவிட்டுத்தானே படுக்கிறாய்?

கடையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். கதவடிப் பிரிட்ஜின் மூன்றாம் தட்டு உனக்குத் தெரியும். அங்கே இருந்த ரின்களை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது அதில் கிராஃப்ட் பியர், சின்ன வடிசாலைகளின் பியர், நிற்கிறது.

போன கோடையில் ஒரு பெண்பிள்ளை நெக் ஆயில் என்ற பியர் ரின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு “இது எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். நான் விலையைச் சொன்னேன். “விலை இல்லை அங்கிள், ருசி” என்றாள். இருபத்திரண்டு வருடம் விற்கிறேன், பதில் தெரியவில்லை. அப்புவின் காரியத்துக்குப் பிறகு நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். அன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு ஒன்றை உடைத்துக் கிளாசில் ஊற்றினேன். அம்மா மணந்து பார்த்துவிட்டு “தேசிக்காய்த் தோலைக் கசக்கின மாதிரி இருக்கு” என்றா. உண்மை, அதே வாசம். மதுசாரம் 4.3 வீதம்தான். பியர் என்றால் புளித்த தண்ணீர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அது ஹொப்ஸ் என்கிற கொடியின் பூவிலிருந்து வரும் வாசமாம். இதை வடிப்பது வட லண்டனில், நாங்கள் மாமா வீட்டுக்குப் போகிற பக்கம். ரொபர்ட் பிளான்ட் என்ற பெரிய பாடகரின் மகன் லோகன் பிளான்ட், 2011இல் ஹாக்னியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் தொடங்கியது. அவரும் முதலில் பாடகர்தானாம், பாட்டை விட்டுவிட்டு இதற்குப் போயிருக்கிறார். தகப்பன் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். இப்போது கம்பனி ஹைனெக்கனுடையது. அதனால் இதைக் கிராஃப்ட் என்று சொல்லக்கூடாது என்று ஒரு வாடிக்கையாளர் என்னோடு வாதாடுவார். பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது, நல்லாகவும் இருக்கிறது, அது போதும் எனக்கு.

அடுத்தது ஜெய்ப்பூர். பெயரைப் பார்த்துத்தான் எடுத்தேன். தோர்ன்பிரிட்ஜ் என்ற கம்பனி, டார்பிஷயரில் பேக்வெல் என்ற ஊர்ப் பக்கம் வடிக்கிறார்கள், 2005இலிருந்து. முதல் வாயில் தேன் மாதிரி, பிறகு ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். பாகற்காய்க் கசப்பு இல்லை, தோடம்பழத் தோலின் உள்வெள்ளையைக் கடித்த கசப்பு. இந்த வகைக்கு இந்தியா பேல் ஏல் என்று பேர் வந்த கதை தெரியுமா? எங்கள் கடையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற போ (Bow) என்ற இடத்தில் ஹொட்ஜ்சன் என்றவரின் வடிசாலை இருந்தது. பிளாக்வோல் துறையில் நின்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களின் கப்டன்மார் அங்கே பீப்பாய் பீப்பாயாக வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். பழுதாகாமல் இருக்க ஹொப்ஸைக் கூடுதலாகப் போட்டார்கள். அந்த வழியால் எத்தனை தரம் வான் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் தெரியாமல். ஆனால் ஜெய்ப்பூர் 5.9 வீதம். ஒன்று போதும், அதுவும் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் கூடாது.

எனக்கு ஆகப் பிடித்தது புரோப்பர் ஜொப். கோர்ன்வோலில் செயின்ட் ஆஸ்டல் என்ற வடிசாலை, 1851இலிருந்து இருக்கிறது. இது போத்தலுக்குள்ளேயே இன்னும் நொதிக்கிற பியர், அடியில் மண்டி நிற்கும். முதல் தரம் பார்த்தபோது பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தேன். பிறகுதான் அது ஈஸ்ட் என்று விளங்கியது. போத்தலை நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரல் விட்டுவிட வேண்டும். அந்த மண்டியை மணந்தபோது எனக்கு ஊர் வந்துவிட்டது. காலையில் இறக்கின பனங்கள்ளு இனிக்கும், பின்னேரம் புளிக்கும். அம்மம்மா அப்ப மாவுக்கு என்று ஒரு சிரட்டை எடுத்து வைப்பா, மிச்சம் அப்புவின் பனையோலைப் பிளாவுக்குப் போகும். கள்ளுத் தவறணையிலிருந்து அவரைக் கூட்டிவரப் போகிறவன் நான்தான். அதை உனக்கு முந்தியே சொல்லியிருக்கிறேன்.

லயன் ஸ்டவுட்டும் இருக்கிறது, நுவரெலியாவில் தொடங்கின கம்பனி, இப்போது பியகமவில். ஊர்ச் சாமான், கோப்பி மாதிரியும் கருப்பட்டி மாதிரியும் இருக்கிறது, பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 8.8 வீதம். உனக்கு அதைச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் இந்த வருடம்தான் அறிந்தேன். பியர்ப் போத்தலில் வெயில் பட்டால் ஹொப்ஸ் கெட்டுக் கூடாத மணம் வருமாம், பச்சைப் போத்தலும் நிறமில்லாத போத்தலும் ஆகக் கெதியாக. நான் இத்தனை வருடம் வடிவாக இருக்கட்டும் என்று அதுகளைக் கண்ணாடி யன்னலில்தானே அடுக்கினேன். நீ பதினாலு வயதில் கீறித் தந்த விலைச்சீட்டுகளும் அந்த யன்னலில்தான் இருந்தன. உன் கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டு சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாசியில் உன்னிடம் லீட்ஸுக்கு வந்தபோது, காலையில் நீ எழும்ப முன் பின்கதவடியில் இருந்த பெட்டியை நான்தான் தெருவுக்கு எடுத்து வைத்தேன். பாரமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, முதுகைப் பார்த்துக்கொள் என்று சொல்ல வந்தேன்.

லக்கி செயின்ட் என்று ஒன்று வருகிறது. ஜெர்மனியில் வடிக்கிறார்கள், மதுசாரம் 0.5 வீதம் மட்டும். நான் நம்பாமல்தான் உடைத்தேன். வடிகட்டாத பியர், கொஞ்சம் கலங்கலாக, பாண் வாசத்தோடு, உண்மையான பியர் மாதிரியே இருக்கிறது. இதைக் குடிக்கிற பெடியன்கள் ஒருவரும் வெட்கப்படுவதில்லை, ஆறு ஆறாக வாங்குகிறார்கள். இரண்டு பெட்டி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். எங்கேயும் கிடைக்கும், நீயே வாங்கலாம், ஆனாலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைக்காரனுக்கு ஆளைத் தெரியும், ராசா. என்ன நேரத்துக்கு வருகிறார், எத்தனை எடுக்கிறார், காசை எண்ணும்போது கை எப்படி இருக்கிறது, எல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்லுகிற கடைக்காரன் பொய் சொல்லுகிறான். நான் அந்தப் பொய்யைச் சொன்னவன்.

நீலச் சட்டைக்காரரை நீ மறந்திருக்கமாட்டாய். காலை ஏழு மணிக்கு வருவார். மூன்றாம் தட்டில் 9 வீத ரின் நாலு. இப்போது கிழமைக்கு 14 யூனிட் மதுசாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், அந்த நாலு ரின்னும் 18 யூனிட். அவர் அதைத் தினமும் வாங்கினார். நீ பெட்டிக்கு மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய், பதின்மூன்று வயது. “அப்பா, அவருக்குக் குடுக்காதையுங்கோ, அவருக்குச் சுகமில்லை” என்றாய். நான் எல்லோருக்கும் முன்னால் “உன்ர ரியூஷன் காசு இந்த ரின்னிலதான் வருது” என்றேன். வெறியில் நிற்கிறவனுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடுக்கத்தில் நிற்கிறவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அவருடைய தங்கை வந்தா. கடன் கொப்பியில் அவர் பேரில் இருந்த காசைக் கட்ட வந்தா, அவர் போய்விட்டார் என்று சொன்னா. நான் காசை வாங்கினேன். எண்ணி வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது, சொல்லவில்லை. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு நீ கல்லாவடியில் இருந்து படிக்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. 2011இல் 7.5 வீதத்துக்கு மேற்பட்ட பியருக்கு வரி கூட்டினார்கள், அப்போதும் நான் அந்தத் தட்டைக் காலி செய்யவில்லை. போன மாசி லீட்ஸிலிருந்து வந்த அடுத்த நாள்தான் காலி செய்தேன்.

குடிப்பதைப் பற்றி உனக்கு நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. விலையை மட்டும் சொல்லித் தந்தேன். அப்புவைக் கூட்டிவரத் தவறணைக்குப் போன பிள்ளை நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பெரிய மாமா பார்ப்பார். நானும் அம்மாவும் காலைக் கோச்சில் வருகிறோம், ஒரு மணிக்குள் வந்துவிடுவோம். வீட்டைத் துப்புரவாக்கி வைக்க வேண்டாம், எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். நீ கதைக்க விரும்பாவிட்டால் கதைக்க வேண்டாம், நான் உன்னோடு இருந்துவிட்டு வருவேன். அம்மா ஒடியல் கூழ் காய்ச்சி மூன்று பேணியில் கொண்டுவருகிறா, பிரீசரில் இடம் எடுத்து வை. அதுவரைக்கும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா