581 நாளில் தேய்ந்துபோன வட்டு: ட்ரிம் வசதியை இயக்காமலே விற்ற ஃபயர்வால் பெட்டி குறித்துப் புகார்

அனுப்புநர்
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
ஆஃப்செட் அச்சகம்,
சிவகாசி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 10.01.2025

பொருள்: 18.04.2023 அன்று தங்களிடம் வாங்கிய இரண்டு ஃபயர்வால் (இணைய வழித் தாக்குதலைத் தடுக்கும்) பெட்டிகளில் ஒன்றின் எஸ்எஸ்டி (தரவைச் சிப்பில் சேமிக்கும் வட்டு) பழுதானது. உத்தரவாதத்தில் மாற்றித்தர மறுத்தது. இரண்டிலும் ட்ரிம் வசதி (வேண்டாத இடத்தை வட்டுக்குத் தெரிவிப்பது) இயக்கப்படாமல் இருந்தது - தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் அச்சகத்துக்கு ஒன்று, மதுரை விற்பனை அலுவலகத்துக்கு ஒன்று என்று ஒரே நாளில், ஒரே பில்லில், ஒரே மாடலில் இரண்டு பெட்டிகள் வாங்கினோம். மென்பொருளையும் நீங்களே ஏற்றிக் கொடுத்தீர்கள். "மின்சாரமும் கேபிளும் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் நாங்கள் முடித்துவிட்டோம்" என்றுதான் உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் இன்னொரு இடத்தில் விலை குறைவாகக் கேட்டும் போகாமல் உங்களிடம் வந்தோம்.

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை காலை சிவகாசிப் பெட்டி நின்றது. திரையை இணைத்துப் பார்த்தால் எழுத முடியவில்லை என்று ஒரே பிழைவரி, கடைசியில் எரர் 5 என்ற எண்ணோடு, மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்து மீண்டும் போட்டேன். வட்டையே காணோம் என்றது, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல்.

கார்த்திகை மாதம் சிவகாசியில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டுப் பிடித்த ஆர்டர் எல்லாம் அச்சேறி, பைண்டிங் முடிந்து, லாரி ஏற வேண்டிய மாதம் அது. வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த டிசைன் ஃபைல்கள் மதுரையிலிருந்து விபிஎன் (இரு அலுவலகங்களையும் இணைக்கும் பாதுகாப்பான இணைய வழி) வழியாக வந்தால்தான் இங்கே பிளேட் எடுக்க முடியும். ஒவ்வொன்றும் 300, 400 எம்பி. பையன்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கிப் பார்த்தார்கள். பாதியில் அறுந்து அறுந்து வந்தது. இரண்டு நாள் இரண்டு மிஷின்கள் சும்மா நின்றன. அக்டோபரில் எடுத்து வைத்த அமைவுக் கோப்பு கையில் இருந்ததால், மதுரையில் என் சொந்தக் காசு 2,900 ரூபாய் கொடுத்து ஒரு எஸ்எஸ்டி வாங்கிவந்து, புதிதாக நிறுவி, புதன் இரவு லைனை உயிர்ப்பித்தேன்.

மூன்று வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று உங்களுக்கு எழுதினேன். "எஸ்எஸ்டி தேய்மானம் பயன்பாட்டைப் பொறுத்தது, உத்தரவாதத்தில் வராது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இந்தக் கடிதம் அந்த இரண்டு வரிக்கான மறுப்பு. தேய்ந்தது உண்மை. ஆனால் எங்கள் பயன்பாட்டால் அது தேயவில்லை.

செத்துப்போன வட்டை யூஎஸ்பி அடாப்டரில் வேறு கணினியில் மாட்டினேன். எழுத மறுத்தாலும், வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தை மட்டும் கொடுத்தது. 581 நாளில் ஃபயர்வால் அதில் எழுதச் சொன்னது மொத்தம் 11.6 டிபி (11,600 ஜிபி). 64 ஜிபி வட்டுக்கு அது 181 முறை முழுதாக நிரப்பியதற்குச் சமம். ஆனால் அதே விவரத்தில் ஒரு பிளாக் சராசரியாக எத்தனை முறை அழிக்கப்பட்டது என்ற எண் 1,040 என்று நின்றது. நாங்கள் ஒன்று எழுதச் சொன்னால் வட்டு உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஆறு எழுதியிருக்கிறது. அந்த மீதி ஐந்தும் எங்கள் கணக்கில் வருமா?

ஏன் இப்படி ஆகிறது என்பதை உங்கள் தொழில்நுட்பப் பிரிவு அறியும். ஆனால் எனக்குப் பதில் எழுதியவர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். எஸ்எஸ்டியில் சின்னச் சின்னப் பக்கங்களாக எழுதலாம். அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். ஒரு லாக் ஃபைலை (நடந்ததைப் பதிந்துவைக்கும் கோப்பை) நாம் நீக்கினால் அது நீங்கியது இயங்குதளத்துக்கு மட்டும்தான் தெரியும். "இந்த இடம் இனி வேண்டாம்" என்று வட்டுக்கும் சொல்வதுதான் ட்ரிம் கட்டளையின் வேலை. சொல்லாவிட்டால் குப்பையையும் உயிருள்ள தரவென்று எண்ணி, ஒவ்வொரு முறை இடம் ஒதுக்கும்போதும் அதையும் பத்திரமாக வேறிடத்துக்கு நகலெடுத்து வைக்கும். எங்கள் குடோனில் போன வருடத்துக் காலண்டர் கட்டுகளை யாரும் கழிக்கச் சொல்லாவிட்டால் குடோன்காரர் என்ன செய்வார்? புதுக் கட்டு வரும்போதெல்லாம் பழையதை மூலைக்கு மூலை தூக்கி வைத்துக்கொண்டே இருப்பார். முதுகு போவது அவருக்குத்தான்.

இது உங்கள் பெட்டியில் நடந்திருக்கிறதா என்று ஊகிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மதுரையில் அதன் இரட்டைப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே டியூன்எஃப்எஸ் கட்டளையால் கோப்பமைப்பின் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையின்) நிலையைக் கேட்டேன். ட்ரிம் என்ற சொல்லுக்கு நேராக டிசேபிள்ட் என்று வந்தது. வட்டுக்கே அந்தத் திறன் இல்லையோ என்று கேம்கன்ட்ரோல் கட்டளையால் வட்டையும் கேட்டேன். இருக்கிறது என்றது. வட்டால் முடியும், பெட்டியின் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியால் முடியும். நடுவில் இருந்த சுவிட்சை யாரும் போடவில்லை.

இது நேற்று வந்த வசதி இல்லை. விண்டோஸ் 7 வெளியான 2009-இலேயே அது தானாக ட்ரிம் அனுப்பியது. ஃப்ரீபிஎஸ்டியின் யூஎஃப்எஸ் கோப்பமைப்புக்கு 2012 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பில் இருக்கிறது. என்ன, நாம் கேட்டால்தான் இயங்கும். நிறுவும்போது வரும் யூஎஃப்எஸ் விருப்பங்கள் திரையில், சாஃப்ட் அப்டேட்ஸ் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ட்ரிம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு டிக். நீங்கள் இசட்எஃப்எஸ் என்ற வேறு கோப்பமைப்பைப் போட்டிருந்தாலும் அதன் ஆட்டோட்ரிம் இயல்பில் அணைந்துதான் இருக்கும். ஆனால் அங்கே ஓடும் பெட்டியிலேயே ஒரு வரியில் இயக்கிவிடலாம், ரீபூட்கூட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனித்தேன். எந்த வட்டுப் பகுதியை எங்கே இணைப்பது என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் இருக்கும் யூஎஃப்எஸ் அடையாள எண், சிவகாசி பேக்கப்பிலும் மதுரைப் பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. தனித்தனியாக நிறுவியிருந்தால் அப்படி வராது. ஒரு வட்டைத் தயார் செய்து, மற்றதையெல்லாம் அதிலிருந்து அப்படியே நகலெடுத்திருக்கிறீர்கள். 64 ஜிபியையும் ஒரு மூலை விடாமல் நகலெடுத்தால், வெற்றிடமும் எழுதப்பட்ட இடமாகவே வட்டுக்குத் தெரியும். அதாவது பெட்டி எங்கள் கைக்கு வந்த அன்றே அந்த எஸ்எஸ்டி தன் கணக்கில் முழுதாக நிரம்பியிருந்தது. மூச்சுவிட அதற்கு இடமே இல்லை. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். தாய் வட்டில் ஒரே ஒருமுறை டிக் போட்டிருந்தால், நீங்கள் விற்ற அத்தனை பெட்டிக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

மதுரைப் பெட்டியில் ட்ரிம் இயக்கித் தரும்படி உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், ஃபயர்வால்ல எஸ்எஸ்டிய யாரும் பாக்கமாட்டாங்க சார். நீங்களா சிங்கிள் யூசர்ல போய் மாத்துனீங்கன்னா வாரண்டி போயிடும்" என்றார். அப்படியானால் நீங்கள் வந்து செய்யுங்கள் என்றேன். அப்படி ஒரு சேவை இல்லை என்றார். செய்யாவிட்டால் வட்டு சாகும், செய்தால் உத்தரவாதம் சாகும் என்றால் வாடிக்கையாளர் எங்கே போவது?

நானே செய்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரம். முதலில் அமைவுக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். திரையும் விசைப்பலகையும் இணைத்து, பூட் மெனுவில் 2-ஐ அழுத்தி, பராமரிப்புக்கான சிங்கிள் யூசர் நிலைக்குள் போனேன். அங்கே ரூட் கோப்பமைப்பு படிக்க மட்டும் திறந்திருக்கும்; எழுதத் திறந்திருக்கும்போது இந்த ட்ரிம் அமைவை மாற்ற முடியாது, அதனால்தான் இந்தச் சுற்றுவழி. முழுச் சோதனை ஒன்று ஓட்டினேன். டியூன்எஃப்எஸ் கட்டளையால் ட்ரிம்மை இயக்கினேன். இனிமேல் நீக்குவதைத்தான் அது வட்டுக்குச் சொல்லும், பழைய குப்பையைச் சொல்லாது. ஆகவே கோப்பமைப்பைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை -E (பெரிய எழுத்து) என்ற விருப்பத்தோடு ஓட்டி, காலியாகக் கிடக்கும் பிளாக்குகளையெல்லாம் வட்டுக்குத் தெரியப்படுத்தினேன். ரீபூட். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகவில்லை.

அதன் பலனையும் பாருங்கள். அந்த ஞாயிறு வரை மதுரை வட்டில் எழுதியது 5.3 டிபி, அதாவது 83 முறை நிரப்பிய அளவு. சராசரி அழிப்பு எண்ணிக்கை 430. ஒன்றுக்கு ஐந்துக்கு மேல். டிசம்பர் 31 வரை லாக் அளவையோ வேறு எதையுமோ நான் தொடவில்லை, கணக்கு கலங்கக்கூடாது என்பதற்காகவே. அந்த 30 நாளில் எழுதியது 270 ஜிபி, நாலு முறைக்குச் சற்று மேல். அழிப்பு எண்ணிக்கை 430-லிருந்து 438 ஆனது. ஒன்றுக்கு இரண்டுகூட இல்லை. அதே வட்டு, அதே வேலை, அதே ஆட்கள்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிவகாசியில் நாளுக்கு 20 ஜிபி எழுதப்பட்டது அதிகம்தான். ஊடுருவலைக் கண்காணிக்கும் சூரிகாட்டா மென்பொருளின் லாக் ஃபைல்தான் அதில் பெரும்பங்கு. ஆனால் எல்லா வகைப் பதிவையும் வட்டிலேயே எழுதும்படி அமைத்துக் கொடுத்தது நீங்கள். இப்போது நான் சிவகாசி லாக்குகளை வேறொரு கணினிக்கு அனுப்புகிறேன். தற்காலிகக் கோப்புகளும் லாக்குகளும் இருக்கும் டெம்ப், வார் அடைவுகள் இரண்டையும் ரேம் டிஸ்க்கில் (மின்சாரம் போனால் அழியும் நினைவகத்தில்) வைக்கும் விருப்பமும் மென்பொருளில் உண்டு. எங்கள் ஊர் மின்வெட்டில் லாக் பறிபோகுமே என்று அதை எடுக்கவில்லை. இதையெல்லாம் விற்கும்போது வாடிக்கையாளரிடம் இரண்டு நிமிடம் பேசியிருக்கலாம். உங்கள் கையேட்டில் 40 பக்கத்தில் ஆன்டெனா மாட்டுவது முதல் எல்லாம் இருக்கிறது. ட்ரிம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, ஸ்மார்ட் நிலையை எப்போதாவது பாருங்கள் என்ற வரியும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. பழுதான வட்டுக்கு மாற்று வட்டோ, நான் செலவழித்த 2,900 ரூபாயோ தர வேண்டும். மதுரைப் பெட்டியில் ட்ரிம் இயக்கியதால் அதன் உத்தரவாதம் ரத்தாகாது என்று எழுத்தில் தர வேண்டும். "ரத்தாகாது என்று நினைக்கிறேன் சார்" என்ற தொலைபேசிப் பதில் போதாது. இவற்றைவிட எனக்கு முக்கியமானது, அந்தத் தாய் வட்டிலிருந்து நகலான பெட்டிகளை வாங்கிய எல்லோருக்கும் நீங்கள் தகவல் அனுப்ப வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு தீப்பெட்டி ஆலை அலுவலகத்திலும், பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரிலும் இதே பெட்டியைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் சென்டரில் கணினிக்கென்று ஆளே கிடையாது. அவர்கள் பெட்டி நிற்கும் நாளில் அவர்களுக்கு இந்தக் காரணம் தெரியப்போவதில்லை. உங்கள் ஆட்கள் தொலைவிலிருந்து இதைச் செய்துகொடுக்க வழியில்லை என்றால், படத்தோடு ஒரு பக்கக் குறிப்பாவது அனுப்புங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

பழுதான வட்டு என்னிடம் இருக்கிறது. ஸ்மார்ட் விவரத்தின் அச்சும், மதுரைப் பெட்டியின் முன்பின் எண்களும், பில் நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன். வட்டு வேண்டுமென்றால் கூரியரில் அனுப்புகிறேன். அதன் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். பதினைந்து நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
சிவகாசி.