காட்டுப்பூவரசுக்கும் ஓர் இடம்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் மேல்மலையில் சீகை (வாட்டில்) எனப்படும் அயல் மரங்களை அகற்றி, புல்வெளியையும் சோலை எனப்படும் மலைக்காட்டையும் மீட்கும் பணி குறித்து இம்மடலை எழுதுகிறேன். அயல் களைத்தாவரங்களை அகற்றுவதற்கென அரசு 2022ஆம் ஆண்டு கொள்கை வகுத்ததையும், 2023இல் வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியதையும் இம்மலையில் வாழும் பலரைப் போல நானும் மகிழ்ச்சியோடு வரவேற்றேன். அந்தப் பணியில் காட்டுப்பூவரசுக்கும் உரிய இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பெயரில் பூவரசு இருந்தாலும் ஊர்ப்புறத்துப் பூவரச மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. ரோடோடென்ட்ரான் என்று பலரும் அழைக்கும் செடி இது. காற்று ஓயாமல் அடிக்கும் முகடுகளில் முறுக்கிக்கொண்ட புதராகவும், காற்று மறைந்த சரிவுகளில் சிறு மரமாகவும் வளர்கிறது. உதகைக் கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தைத் தரும் குறுஞ்செடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோடோடென்ட்ரான் இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப்பல இமயமலையிலும் அதற்குக் கிழக்கேயுள்ள மலைகளிலும் வளர்பவை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வது இது ஒன்றே. இதன் நெருங்கிய உறவை மீண்டும் காண வேண்டுமானால் தெற்கே இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளுக்கோ, வடக்கே இமயத்துக்கோதான் செல்ல வேண்டும். குளிர் மிகுந்திருந்த பழங்காலத்தில் பரவி, வெப்பம் கூடியபின் மலையுச்சிகளில் தங்கிவிட்ட எச்சம் இது என்று தாவரவியலாளர் பலர் கருதுகின்றனர்.

தொட்டபெட்டாவிலும் முக்கூர்த்தியிலும் உறைபனி புல்லைக் கருக்கிவிட்ட தை, மாசி மாதங்களில், வேறெதுவும் அதிகம் பூக்காத வேளையில் இதன் செந்நிறக் கொத்துகள் மலர்கின்றன. தேன்சிட்டுகளும் பிற சிறு பறவைகளும் அந்தத் தேனை நாடி வருகின்றன. தடித்த பட்டை, புல்வெளித் தீயையும் ஓரளவு தாங்க உதவுகிறது. பாசியும் மரப்பாசியும் போர்த்திய பழைய மரம் ஒன்றின் கீழ் பனிக்காலக் காலையில் நின்றவர் எவரும் அதை எளிதில் மறப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை, இப்படிப்பட்ட செடிக்கு இருவகையில் பகையாக இருக்கிறது. ஒன்று நிழல்: திறந்த வெளிச்சத்தில் வளரும் செடியைச் சீகையின் அடர்ந்த தோப்பு மூடிவிடுகிறது. மற்றொன்று மண்: காட்டுப்பூவரசு அமிலத்தன்மையுள்ள, சத்துக் குறைந்த மண்ணில், வேரோடு கூடி வாழும் நுண்பூஞ்சைகளின் துணையால் பிழைக்கும் செடி, சீகையோ காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து அந்த மண்ணின் இயல்பையே மாற்றிவிடுகிறது. மேலும் சீகை விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடிருப்பதால், மரத்தை வெட்டுவதோடு வேலை முடிவதில்லை என்பது தங்களுக்கும் நன்கு தெரியும்.

ஆகவே, சீகையை வெட்டத் தொடங்கும் முன், அந்தத் தோப்புக்குள் நிற்கும் காட்டுப்பூவரசு ஒவ்வொன்றையும் அடையாளமிட வேண்டுகிறேன். இதன் வேர்கள் மேல்மண்ணில் மெல்லிழையாகப் பரவுபவை. கட்டைகளை அதன்மீது இழுத்துச் சென்றாலே அவை அறுந்துவிடும். வெட்டிச் சாய்க்கும் திசையையும் இழுத்துச் செல்லும் தடத்தையும் முன்கூட்டியே முடிவுசெய்தால் இழப்பு பெருமளவு குறையும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நாற்று. இச்செடியைத் தனி இனமாகச் சிலரும் இமயமலை இனத்தின் துணையினமாகச் சிலரும் கொள்வதிலிருந்தே இரண்டும் எவ்வளவு நெருங்கியவை என்பது தெரியும். இமயமலை நாற்றையோ பூங்காக்களுக்கான கலப்பு வகையையோ முக்கூர்த்தி போன்ற இடங்களுக்கு அருகில் நட்டால், மகரந்தம் கலந்து, இத்தனை காலம் தனித்திருந்து உருவான மலைக்குரிய தன்மை கரைந்துவிடலாம். பூ ஒன்றுபோல் தோன்றும் என்பதற்காக அந்த இழப்பை ஏற்க முடியாது. நாற்றங்காலுக்கு வேண்டிய விதையை அந்தந்த மலைத்தொடரின் பல மரங்களிலிருந்து, காய்கள் வெடிக்கும் தறுவாயில் சேகரிக்கலாம். தூசு போன்ற அவ்விதையை மண்ணுக்குள் புதைக்காமல், ஈரமான பாசியின்மேல் வெளிச்சம் படும்படி தூவ வேண்டும். முளைத்தபின் வளர்ச்சி மெதுவானது என்பதால், ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கும் நிதியும் ஆட்களும் தேவைப்படும்.

பசுமையாக்கல் என்ற பெயரில் புல்வெளி முழுவதும் இதை வரிசையாக நடவும் நான் கேட்கவில்லை. புல்வெளி வரையாட்டின் மேய்ச்சல் நிலம். அது புல்வெளியாகவே இருக்கட்டும். சோலையின் விளிம்பிலும், இச்செடி முன்பு நின்ற சரிவுகளிலும் மட்டும் ஆங்காங்கே சில நாற்றுகள் போதும். அந்தச் சரிவுகள் எவை என்பதைத் தோடர்களும் படுகர்களும் நன்கு அறிவார்கள். நடும் இடத்தை முடிவுசெய்யும் முன் அவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி மேல்மலையில் வாழும் ஒருவர்