ஐ.வி. செட் வாங்கும்போது டியூப் எதில் செய்தது என்றும் கேளுங்கள்

மருத்துவமனைக் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். டிரிப்ஸ் ஏற்றும் ஐ.வி. செட்டுக்கு டெண்டர் விடும்போது விலையையும் சப்ளை தேதியையும் அலசி ஆராய்கிறீர்கள். டியூப் எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது என்பதையும் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்து வருபவர்களைக் கவனிக்கும் எங்களுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

பிளாஸ்டிக் பெரிய வரம்தான். முன்பு ரப்பர் குழாயைக் கழுவி, கொதிக்கவைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். சரியாகச் சுத்தமாகாத குழாயால் டிரிப்ஸ் ஏறும்போதே குளிர்காய்ச்சல் வந்துவிடும். ரத்தக் குழாயில் இருப்பது உலோக ஊசி என்பதால் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டுவார்கள். 1950இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா குழுவினர், ஊசியின் மேல் பிளாஸ்டிக் குழலைப் பொருத்திக் குத்தி, ஊசியை உருவிவிட்டுக் குழலை மட்டும் உள்ளே விட்டார்கள். இன்று ரத்தக் குழாயில் நாங்கள் போடும் பிளாஸ்டிக் குழலான வென்ஃப்ளானுக்கு அதுதான் முன்னோடி.

ஆனால் எல்லா மருந்துக்கும் எல்லா பிளாஸ்டிக்கும் ஒத்துவராது. இதய அறுவை சிகிச்சையில் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க என்.டி.ஜி. (நைட்ரோகிளிசரின்) என்ற மருந்து டிரிப்ஸில் ஓடும். பி.வி.சி. டியூப் இந்த மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். 40 முதல் 80 சதவீதம் வரை அதிலேயே தங்கிவிடலாம். மெதுவாக ஓடினால் இழப்பு இன்னும் அதிகம். மருந்தை ஏற்றும் பம்ப்பில் அளவு எண் சரியாக இருக்கும், பி.பி. மட்டும் இறங்காது. டோஸை ஏற்றிக்கொண்டே போவோம். அப்புறம் ஸ்டோரிலிருந்து உறிஞ்சாத பாலிஎத்திலீன் செட் வந்து, அதை மாட்டினால், அதே எண்ணில் முழு மருந்தும் உள்ளே போகும், பி.பி. சட்டென்று சரியும்.

பி.வி.சி.யை வளையவைக்கச் சேர்க்கும் டி.இ.எச்.பி. என்ற ரசாயனம் இன்னொரு கவலை. கொழுப்புத் திரவமோ புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலோ ஓடும்போது அது டியூப்பிலிருந்து கசிந்து கலக்கும். ஆண் பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002இலேயே எச்சரித்தது. (அதற்காகத் தேவையான சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னது, அது சரியும்கூட.) கலிஃபோர்னியா 2024இல் சட்டமே போட்டுவிட்டது: ஐ.வி. பைகளில் 2030 முதலும் டியூப்களில் 2035 முதலும் டி.இ.எச்.பி.க்குத் தடை.

எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. சாதாரண சலைனுக்கு பி.வி.சி. போதும், விலையும் குறைவு. இதய ஐ.சி.யூ., புற்றுநோய் வார்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகியவற்றுக்கு மட்டும் பி.வி.சி. அல்லாத செட்களை டெண்டரில் தனியாகச் சேருங்கள். எதில் செய்தது என்று உறையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என நிபந்தனை போடுங்கள். கம்பெனி மாறினால் சரக்கு வருவதற்கு முன்பே வார்டுக்குத் தகவல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சை வார்டு செவிலியர் ஒருவர்