மூட்டைக்கு அந்தப் பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒன்றோடொன்று கோத்து எழுதப்படும் சிறுகதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு கதையில் ஒருவர் செய்த காரியம் அடுத்த கதையில் வேறொருவர் தலையில் வந்து விடிகிறது. அவர் பதறிப்போய்ச் செய்வது மூன்றாவது கதைக்கு வித்தாகிறது. இந்த வடிவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கட்டுரையாளர் சொன்ன ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. யாரால் யாருக்கு என்ன ஆனது என்பது கடைசிக் கதையில் பாத்திரங்களுக்கே தெரியவர வேண்டும், அப்போதுதான் தொகுப்பு முழுமை பெறும் என்கிறார். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் விவசாயம் பார்ப்பவன் நான். இங்கே அப்படித் தெரியவருவதே இல்லை.

மேட்டூரில் திறக்கிற தண்ணீர் முக்கொம்பு, கல்லணை தாண்டி வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அப்புறம்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். வழியில் எத்தனை ரெகுலேட்டர், எத்தனை மதகு! ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் ஷட்டரை ஏற்றுகிறார், இறக்குகிறார். அவர் முகம் எங்களுக்குத் தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எங்களுக்குத் தெரியும்.

2023-இல் வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். அதை நம்பிக் குறுவை நெல் போட்டோம். பருவமழை குறைந்தது, கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீரும் வரவில்லை. அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடிவிட்டார்கள்.

அதற்கு முன்னால், செப்டம்பரில் ஒரு ராத்திரி. கதிர் வெளியே வருகிற நேரம். வாய்க்கால் திடீரென்று வடிந்துவிட்டது. எங்கள் ஊரில் போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர், அதனால் வேறு வழியும் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையோடு மேலே நடந்தேன். இரண்டு ஊர் தாண்டி, வாய்க்காலுக்குக் குறுக்கே மண் நிரப்பிய உரச்சாக்குகளை அடுக்கி, சந்தில் வைக்கோலைத் திணித்து வைத்திருந்தது. கரையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சண்டை போடத்தான் போனேன்.

"மேல ஒருத்தன் ரெண்டு நாளா அடைச்சு வச்சிருந்தான் தம்பி. இப்பதான் எனக்கே வருது. விடியக்காலம் எடுத்துடுறேன்" என்றார்.

டார்ச்சை அவர் வயல் பக்கம் திருப்பினேன். விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. தண்ணீர் வெடிப்புக்குள் இறங்க இறங்க, உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் இறங்கி ஒரு மூட்டையை இழுத்து எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. விடியும்போது எங்கள் வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. பாதி வயல் தப்பியது. அவருடைய வயல் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும், அவருக்கு மேலே அடைத்தவர் எதற்காக அடைத்தார் என்று தெரிந்திருக்காது.

திருவாரூர் போனால் கல்தேரைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. மனுநீதிச் சோழன் கதையில் கன்று, ஆராய்ச்சி மணியை அடித்த பசு, தேரேறிய மகன், நீதி தவறாத மன்னன் எல்லோரும் நமக்குத் தெரியும். இடையில் அமைச்சர் ஒருவர் வருகிறார். மகன் மேல் தேரை ஏற்றச் சொல்லி மன்னன் அவரைத்தான் ஏவுகிறான். மனம் வராமல் அவர் தன் உயிரையே விட்டுவிடுகிறார். கன்று துள்ளி ஓடி வந்தபோது அந்த மனிதர் அந்தத் தெருவிலேயே இல்லை! கோத்த சிறுகதைகளின் உயிர் இந்த அமைச்சரைப் போன்ற ஆட்களிடம்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் கதையில் இறைவன் தோன்றி, கன்றையும் அமைச்சரையும் மகனையும் சேர்த்தே எழுப்பிவிடுகிறார். கட்டுரையாளர் கேட்கும் கடைசிக் கதையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வயல்காட்டில் அப்படி யாரும் வந்து எழுப்புவதில்லை.

டெல்டாவை வைத்து இப்படி ஒரு கதைக்கொத்தை உங்கள் இதழ் வெளியிட வேண்டும். நடவுக்கு வரும் பெண்கள், அறுவடை மெஷின்காரர், உரக்கடைக் கடன் நோட்டு, நகைக்கடனில் கிடக்கும் சங்கிலி என்று ஒவ்வொன்றிலும் ஒரு கதை இருக்கிறது. தலைமடைக்காரர் ஒருவர், நடுவில் ஒருவர், கடைமடையில் ஒருவர் என்று எழுதட்டும். எது எதனால் நடந்தது என்பது வாசகருக்கு மட்டும் தெரியட்டும். அந்தப் பெரியவரின் ராத்திரியை அவர் பக்கத்து ஊர்க்காரர் யாராவது எழுத முன்வந்தால், என் பக்கத்துக் கதையை நான் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு கடைமடை வாசகர்,
முத்துப்பேட்டை வட்டாரம், திருவாரூர் மாவட்டம்.