ஓடுகிற மெஷினை ஏன் நிறுத்துகிறார்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

அன்று போனில் பேசும்போது பட்டறைக்கு ஆள் வந்துவிட்டதால் பாதியில் வைத்துவிட்டீர்கள். "நல்லா ஓடற மெஷினை எதுக்கும்மா நாலு வருஷம் நிறுத்தறாங்க?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அதன் பெயர் எல்.எச்.சி. ஜெனீவா பக்கம் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டத்தில் செர்ன் என்கிற ஐரோப்பிய அணு ஆய்வு மையம் ஓட்டுகிற மெஷின். புரோட்டான்களை (அணுவுக்குள் இருக்கும் துகள்கள்) வேகமாகச் சுற்றவிட்டு ஒன்றோடொன்று மோதவிடும். மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை வருவதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் துகள் 2012-ல் அதில்தான் அகப்பட்டது. மலாயா பல்கலைக்கழகமும் மோதலில் சிதறுவதைப் பதிவுசெய்யும் சி.எம்.எஸ். என்ற சோதனையில் சேர்ந்திருக்கிறது, நான் நாள் முழுக்க அலசுவது அந்தத் தரவைத்தான். ஹிக்ஸ் எப்போதாவது அபூர்வமாகச் சிதையும் விதங்களைப் பார்க்க இந்த மோதல்கள் போதவில்லை. திட்டப்படி 2026 நடுவில் நிறுத்தி 2030-ல் ஓட்டுவார்கள். மெஷினுக்கு முதலில் போட்ட கணக்கைப்போல் பத்து மடங்கு மோதல் சேர வேண்டும்.

அதற்கு, மோதும் இடத்தில் புரோட்டான் கற்றையை இன்னும் இறுக்கிக் குவிக்க வேண்டும். குவிக்கிற காந்தங்களைத்தான் மாற்றுகிறார்கள். இனி உங்கள் தொழில், மோட்டார் காயில் சுற்றுவது. இப்போதிருப்பது நியோபியம்-டைட்டானியம் காயில். கம்பி சொன்னபடி வளையும். புதியது நியோபியம்-வெள்ளீயம். கூடுதல் காந்தப்புலம் தாங்கும், ஆனால் வளைத்தால் நொறுங்கும். அதனால் இரண்டு உலோகமும் சேருவதற்கு முன்பே கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அப்புறம் காயிலோடு உலையில் வைத்து 650 டிகிரிவரை நாள்கணக்கில் சுடுகிறார்கள்; அங்கேதான் அது மீக்கடத்தியாகிறது, அதாவது கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளாகிறது. கடைசியில் எபாக்சிப் பிசின் ஏற்றி இறுக்குகிறார்கள். நீங்கள் மோட்டாருக்கு வார்னிஷ் ஏற்றிய பிறகு ஓவனில் வைப்பீர்கள், இவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். நம் இன்சுலேஷன் அந்தச் சூட்டில் சாம்பலாகிவிடும். இவர்கள் கண்ணாடி இழை சுற்றுகிறார்கள்.

ஜாயின்ட் விஷயத்தில் அங்கேயும் உங்கள் கவலைதான். 2008-ல் காந்தங்களுக்கு இடையே ஒரே ஓர் இணைப்பு கெட்டு, காந்தத்தைக் குளிரவைக்கும் ஹீலியம் பீறிட்டு, மெஷின் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. இன்னொன்று: அந்தக் காந்தங்களைத் தாங்குகிற ஆயிரக்கணக்கான ஜாக்குகள் இந்தியாவில் செய்தவை. பட்டறையில் சொல்லுங்கள்.

இங்கே மத்தியானமானால் மழை. ஜெனீவாக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் போட்டால் எனக்கு ராத்திரி ஒன்பதரை, பத்து. முடிந்ததும் கீழே மாமாக் கடையில் (இங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ). எந்நேரமும் திறந்திருக்கும், நீங்கள் பயப்பட வேண்டாம். அறை வாடகைதான் கொஞ்சம் கடி.

அடுத்த தடவை ஸ்டேட்டர் சுற்றும்போது ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். இங்கே ஜூனியர் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்; காயில் சுற்றுவதை ஒருத்தரும் நேரில் பார்த்ததில்லை.

உங்கள் மகள்