மாலையிலும் நூலகம் திறந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தவரை மருந்துச் சீட்டும் நோயாளிக் குறிப்பும்தான் என் வாசிப்பு. இந்தக் கோடையில் எங்கள் கிளை நூலகத்தில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் கிடைத்தது. குடத்தோடு அலையும் ஜமுனாவைவிட, நோயாளிக் கணவனையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு பள்ளிக்கும் போய்வரும் டீச்சரம்மாதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப்பட்ட பெண்களை வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்; அவர்கள் மனசுக்குள் போய்ப் பார்த்தது இப்போதுதான். அப்புறம் பூமணியின் 'வெக்கை'. கொலை செய்துவிட்டு ஓடும் பையனையும் உடன் வரும் அப்பாவையும் பற்றிய கதை. ஆனால் காட்டில் அந்த அப்பா மகனைக் கவனித்துக்கொள்ளும் விதம் இருக்கிறதே, அதற்காகவே மறுபடி படித்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன், அவளுக்கும் ஆசை. வேலை முடிந்து அவள் வரும்போது நூலகம் பூட்டியிருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. கிளை நூலகங்களை இரவு எட்டு மணி வரையாவது திறந்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், கரூர்.