தீர்ப்பு வருமுன் நிறுத்தப்பட்ட நீதிமன்றத் தொடர் குறித்த புகார்

பெறுநர்:
நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்கள்

நகல்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தங்கள் நீதிமன்றத் தொடரின் தரம் குறைந்தது, ஐந்தாவது சீசனின் நடுவில் அது அறிவிப்பின்றி நிறுத்தப்பட்டது, சந்தாதாரர்களுக்கு விளக்கம் தரப்படாதது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் தங்கள் தளத்துக்கு ஆண்டுச் சந்தா செலுத்திவரும் வாடிக்கையாளர். தங்கள் நிறுவனமே தயாரித்து வாரம் ஓர் எபிசோடாக வெளியிட்டுவந்த நீதிமன்றத் தொடர், ஐந்தாவது சீசனின் முதன்மை வழக்கில் சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, இறுதி வாதம் தொடங்கும் கட்டத்தில் நின்றுபோனது. அடுத்த எபிசோடு வர வேண்டிய நாளில் வரவில்லை. தொடரின் பக்கத்தில் ‘விரைவில்’ என்ற அறிவிப்பு சில வாரங்கள் இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டதற்கு, தொடர் முடிந்துவிட்டது என்றும், இந்தத் துறையில் தொடர்கள் இப்படி முடிவது இயல்புதான் என்றும் இரண்டு வரிப் பதில் கிடைத்தது. நான் கேட்ட எதற்கும் அதில் விடை இல்லாததால் நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு தொடர் என்றைக்காவது முடியத்தான் வேண்டும். அதை எதிர்த்து நான் எழுதவில்லை. ஒரே வழக்கை ஒரு சீசன் முழுவதும் நடத்தி, தீர்ப்பு வரும் என்று விளம்பரம் செய்து, அந்த நம்பிக்கையில் சந்தாவையும் புதுப்பிக்க வைத்துவிட்டு, தீர்ப்பைச் சொல்லாமலே கடையைக் கட்டியதைத்தான் எதிர்க்கிறேன். அதற்கு முந்தைய இரண்டு சீசன்களாகத் தொடர் எப்படிச் சீரழிக்கப்பட்டது என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பார்வையாளர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதே நிறுத்தியதற்குக் காரணம் என்றால், அவர்களை விரட்டியது யார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

முதல் இரண்டு சீசன்களில் இந்தத் தொடர் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை இன்று நிகழ்ச்சிப் பிரிவில் இருப்பவர்கள் மறந்திருக்கலாம் என்பதால் ஒரு காட்சியை நினைவூட்டுகிறேன். மருந்தைத் தவறான அளவில் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட செவிலியரின் வழக்கு. மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். நள்ளிரவில் செவிலியர் தன் கண் முன்னால் பதிவேட்டில் கையெழுத்திட்டதாகச் சொல்கிறார். செவிலியர் தரப்பின் சீனியர் வழக்கறிஞர் எழுந்து குறுக்கு விசாரணையைத் தொடங்குகிறார். குரலை உயர்த்துவதில்லை, மேசையைத் தட்டுவதில்லை. பதிவேடு எங்கே இருக்கும், அன்றிரவு அதில் எழுத எந்தப் பேனா இருந்தது, அந்தப் பேனா எந்த நிறத்தில் எழுதும் என்று சின்னச் சின்னதாகக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகு பதிவேட்டைச் சாட்சியின் கையில் கொடுத்து, குறிப்பிட்ட பதிவுக்கு மேலும் கீழும் உள்ள வரிகளின் மையைப் பார்க்கச் சொல்கிறார். அவை கறுப்பு, நடுவில் இருக்கும் அந்த ஒரு கையெழுத்து மட்டும் நீலம். அதோடு, “வேறு கேள்விகள் இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். பின்னணி இசை கிடையாது. சாட்சி பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்கும் ஓசை மட்டும் கேட்கிறது.

அன்று மாலை அலுவலகத்தில், கையெழுத்து ஏன் நீலமாக இருக்கிறது என்று ஏன் கேட்கவில்லை என ஜூனியர் ஆதங்கப்படுகிறார். அதற்குக் குமாஸ்தா, வழக்குக் கட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே, கேட்டிருந்தால் அந்த ஆள் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பார் என்று மட்டும் சொல்வார். குறுக்கு விசாரணையில் கேள்வியை எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை என்பதைப் பாடம் எடுக்காமல், ஒரு குமாஸ்தாவின் வாயால் போகிறபோக்கில் சொல்ல வைத்த எழுத்து அது. முதல் விசாரணையில் தன் சாட்சிக்குப் பதிலை எடுத்துக்கொடுக்கும் கேள்விகளை வழக்கறிஞர் கேட்கக் கூடாது, குறுக்கு விசாரணையில் கேட்கலாம். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்குத்தான் உண்டு, தான் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வழக்கறிஞர் வெளியே சொல்லக் கூடாது. இவற்றை யாரும் விளக்காமலே, கதையின் போக்கில் பார்வையாளர்கள் தெரிந்துகொண்டார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா போகும் சலிப்பைக்கூட அந்தத் தொடர் சுவையாகக் காட்டியது.

மூன்றாவது சீசனில் எபிசோடின் தொடக்கத்தில் காட்டப்படும் எழுத்தாளர்களின் பெயர்கள் மாறின. எழுத்தாளர் குழு மாறுவது எந்தத் தொடரிலும் நடப்பதுதான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதே சீசனில் குமாஸ்தா காணாமல் போனார். ஓய்வு பெற்றார், ஊருக்குப் போனார், இறந்தார் என்று ஒரு வரி வசனம்கூட இல்லை. அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நடிகருக்கும் நிறுவனத்துக்கும் இடையே என்ன நடந்தது என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். கதைக்குள் அவர் எங்கே போனார் என்று சொல்வது மட்டும் கதை சொல்பவரின் கடமை.

நான்காவது சீசனைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்றாலும், சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும், அதே வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞருக்கும் திருமணம் நிச்சயமாகிறது. இருவரும் தொடர்ந்து அதே வழக்கில் ஆஜராகிறார்கள். நீதிபதி உட்பட ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. கட்சிக்காரர் தனிமையில் சொன்ன ரகசியத்தை வழக்கறிஞரே போலீசிடம் போய்ச் சொல்லிவிட்டு மறுநாள் அதே கட்சிக்காரருக்காக வாதாடுகிறார். ஒரு தரப்பு மட்டும் நீதிபதியின் அறைக்குப் போய் வழக்கைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறது. மறுதரப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படாத சாட்சிகள், கதவைத் திறந்துகொண்டு எபிசோடுக்கு ஒருவராக வருகிறார்கள். யாராவது “ஆட்சேபிக்கிறேன்” என்று சொன்னால் உடனே முரசு அதிர்கிறது. மூன்று முகங்கள் மூன்று முறை காட்டப்படுகின்றன. முதல் சீசனில் மையின் நிறத்தைக் கவனித்த அந்த ஜூனியர், இந்த சீசனில் தன் கட்சிக்காரரின் இரட்டைச் சகோதரரைப் பார்த்து மயங்கி விழுகிறார்.

நாடகத்துக்கு நாடகத்தன்மை வேண்டும் என்று தங்கள் தரப்பில் சொல்லலாம். உண்மைதான். சாட்சிக் கூண்டில் நிற்பவர் உண்மையைத் தாங்க முடியாமல் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வது நிஜ நீதிமன்றத்தில் அபூர்வம். ஆனால் 1957 முதல் 1966 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘பெரி மேசன்’ தொடர் பெரும்பாலும் அந்த ஒப்புதலை நம்பியே ஓடியது. அது தொடக்கத்திலிருந்தே தனக்கென்று வகுத்துக்கொண்ட உலகம், கடைசி வரை அதை மீறவும் இல்லை. தங்கள் தொடரோ பேனா மையில் தொடங்கி இரட்டைச் சகோதரரில் வந்து நின்றது. எந்த விதியையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வைத்த விதியை நடுவழியில் மாற்றாதீர்கள் என்பதுதான் பார்வையாளரின் எதிர்பார்ப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் ஐந்தாவது சீசனைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. தொடர் உண்மையிலேயே மீண்டு வந்தது. ஒரே வழக்கு, குறைந்த பாத்திரங்கள், மீண்டும் ஆவணங்களும் கேள்விகளும். முக்கியச் சாட்சி பிறழ் சாட்சியாக மாறிய எபிசோடு, இரண்டாவது சீசனின் எந்த எபிசோடுக்கும் இளைத்ததல்ல. சீனியருக்கு உடல்நலம் குன்ற, இறுதி வாதத்தை ஜூனியரே செய்ய வேண்டிய நிலை. கடைசியாக வந்த எபிசோடின் முடிவில் அவர் குறிப்புத்தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து, “மாண்பமை நீதிபதி அவர்களே” என்று தொடங்குகிறார். அத்தோடு திரை இருண்டது. இதே சீசனுக்காகத் தங்கள் தளம் முகப்பில் வைத்திருந்த விளம்பரத்தில் ‘இந்த முறை தீர்ப்பு உறுதி’ என்ற வாசகம் இருந்தது. தொடர் நின்றுபோன வாரத்திலும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டதா, பிறகா என்பதை நான் அறிய விரும்புகிறேன். முன்பே எடுக்கப்பட்டிருந்தால், வரப்போவதில்லை என்று தெரிந்த ஒன்றைக் காட்டிச் சந்தா வாங்கியதாக ஆகிறது.

தொடர்கள் இப்படி முடிவது இயல்பு என்ற தங்கள் பிரதிநிதியின் வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ‘லா அண்ட் ஆர்டர்’ 20 சீசன்களுக்குப் பிறகு 2010இல் விடைபெறும் எபிசோடு எதுவும் இல்லாமல் நிறுத்தப்பட்டது என்பது உண்மை. ஆனால் அந்தத் தொடரில் பெரும்பாலும் ஒரு வழக்கு ஓர் எபிசோடுக்குள் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். அது நின்றபோது ரசிகர்கள் வருந்தினார்கள். ஆனால் எந்த வழக்கும் அவர்கள் கையில் பாதியில் நிற்கவில்லை. 2022இல் அது திரும்பி வந்தபோது விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிந்ததற்கும் அதுவே காரணம். ‘தி பிராக்டிஸ்’ தொடருக்கு 2003இல் செலவைக் குறைத்தார்கள், முக்கிய நடிகர்கள் பலரை நீக்கினார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள். அப்படியும் கடைசி சீசனை முழுமையாக ஒளிபரப்பி, அதற்குள்ளேயே புதிய பாத்திரங்களை வளர்த்து, 2004இல் ‘பாஸ்டன் லீகல்’ என்ற வேறொரு தொடருக்கு வழிவிட்டுத்தான் அதை முடித்தார்கள். ‘பெரி மேசன்’ தொடரின் கடைசி எபிசோடில், பெரி மேசன் என்ற வழக்கறிஞர் பாத்திரத்தைப் படைத்த எழுத்தாளரையே நீதிபதியாக உட்கார வைத்து விடை கொடுத்தார்கள். இவர்கள் எல்லோரும் வணிகம் செய்தவர்கள்தான், லாப நட்டம் பார்த்தவர்கள்தான். ஆகவே பாதி வழக்கில் கைவிடுவதைத் துறையின் இயல்பு என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

பார்வையாளர் எண்ணிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாவது சீசனில் எபிசோடு வெளியாகும் கிழமை இருமுறை மாற்றப்பட்டது. ஒருமுறை எந்த அறிவிப்பும் இல்லாமல் வாரக்கணக்கில் இடைவெளி விடப்பட்டது. முகப்பில் தொடரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பந்தியில் உட்கார வைத்து இலையை இழுத்துக்கொண்டே, சாப்பிட யாரும் வரவில்லை என்று சொல்வது போன்றது இது.

எனவே கேட்பது இதுதான். படமாக்கப்பட்ட எபிசோடுகள் மீதம் இருந்தால், படத்தொகுப்பு முழுமையடையாத நிலையில் இருந்தாலும் அவற்றை வெளியிடுங்கள். படமாக்கப்படவில்லை என்றால், வழக்கின் முடிவை ஒரே ஒரு நிறைவு எபிசோடாகவாவது எடுத்துக் கொடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், இறுதி வாதமும் தீர்ப்பும் அடங்கிய திரைக்கதைப் பகுதியை எழுத்தாளர்களின் ஒப்புதலோடு தளத்தில் படிக்கத் தாருங்கள். அந்த ஜூனியர் என்ன வாதிட்டார் என்பதைப் படித்தால்கூட எனக்குப் போதும். முதல் இரண்டு சீசன்களைத் தளத்திலிருந்து நீக்கும் எண்ணம் இருந்தால், அதை முன்கூட்டியே அறிவியுங்கள். தீர்ப்பு வாக்குறுதியோடு வந்த விளம்பரத்தை நம்பிச் சந்தாவைப் புதுப்பித்தவர்களுக்கு, அவர்கள் விரும்பினால் மீதமுள்ள காலத்துக்கான தொகையைத் திருப்பித் தருவது குறித்துத் தங்கள் நிலைப்பாடு என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்துக்கும் ஆயத்தப் பதில் ஒன்றை அனுப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தும் முடிவு எப்போது எடுக்கப்பட்டது, விளம்பரம் ஏன் தொடர்ந்தது, வழக்கின் முடிவு வெளியாகுமா ஆகிய மூன்றுக்கும் எழுத்துபூர்வமான பதில் வேண்டும். அது கிடைக்கும்வரை தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். தாங்கள் அடுத்து அறிவித்திருக்கும் புலனாய்வுத் தொடரையும், அதுவும் ஒரு சீசனுக்கு ஒரே வழக்கு என்கிற வகையைச் சேர்ந்தது என்பதால், முழுவதும் வெளியான பிறகே பார்க்கத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
தங்கள் தளத்தின் சந்தாதாரர்